சிவபாலன் மாமா இன்னும் நடக்கிறார், அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

கண்டி டவுனில் எத்தனையோ வீடுகளுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தீங்க. உங்களுக்கென்று ஒருவரும் எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மனுஷருக்கு என்னத்தை எழுதுவது? இப்போது நீங்க வீட்டில் இல்லை. போன கிழமை உங்க ஆண்டுத் திவசமும் முடிந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. சிவபாலன் மாமா இன்னும் நடக்கிறார்.

இன்றைக்கும் விடிந்ததும் விடியாததுமாக நம்ம கேட்டைத் தாண்டிப் போனார். அதே வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து. பனி பெய்தால் மட்டும் கழுத்தில் ஒரு சால்வை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "பிள்ளை, நடந்துபோட்டு வாறன்" என்று கை காட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐம்பது வருஷமாகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. நானும் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

உங்களைவிட ரெண்டு வயசு மூத்தவர், அப்பா. அந்த மனுஷர் எப்படி நடக்கிறார்? நீங்க ஏன் இல்லை?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்குக் கதை தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், கோபிக்காதீங்க.

நீங்க தபால்காரர். பகிரவகந்த, அஸ்கிரிய, அந்தப் பக்கத்து மேடெல்லாம் உங்க ரோடு. காக்கிச் சட்டை, தோளில் பை, மழைக்கு ஒரு கறுப்புக் குடை. சைக்கிள் ஏறாத சந்துகளும் படிக்கட்டுகளும்தான் அங்கே அதிகம் என்பதால் முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தே முடித்தீங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது உங்க கெண்டைக்காலை நான் தட்டிப் பார்ப்பேன். மரக்கட்டை மாதிரி இருக்கும். "தட்டு, தட்டு. கை வலிக்கும்" என்பீங்க.

சிவபாலன் மாமா அதே தபால் கந்தோரில் முத்திரை விற்கிற கவுண்டரில் இருந்தவர். கம்பிக்குப் பின்னால் ஒரு கதிரை. அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே தொந்தி வளர்ந்தது. நம்ம வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாலும், பஸ் நிறுத்தத்திலிருந்து ஏறி வர அவருக்கு ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டும். அதைப் பார்த்து நீங்களும் அம்மாவும் சிரித்திருக்கீங்க.

ஒரே வருஷத்தில்தான் ரெண்டு பேரும் பென்ஷன் எடுத்தீங்க. அன்றைக்குக் கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு நீங்க சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கு. "இந்தக் காலு ஒரு ஆயுசுக்கு நடக்க வேண்டியத நடந்துருச்சு. இனி இதுக்கு லீவு." எல்லோரும் சிரித்தோம். நியாயமாகத்தான் பட்டது. உழைத்த மனுஷர் உட்காரக்கூடாதா?

அடுத்த மாசம் சிவபாலன் மாமா சப்பாத்து வாங்கினார். விடியற்காலையில் நம்ம கேட்டில் நின்று, "ராமையா, வாறியோ?" என்று கூப்பிட்டார்.

"நீ போய்ட்டு வா சிவம். நான் உனக்கும் சேத்துத்தான் நடந்து வச்சிருக்கேன்."

ஒவ்வொரு நாளும் கூப்பிட்டார். ஒவ்வொரு நாளும் நீங்க அதையே சொன்னீங்க. பிறகு அவர் கூப்பிடுவதை விட்டார். கை மட்டும் காட்டிவிட்டுப் போனார்.

அம்மா இருந்திருந்தால் உங்களைக் கடைக்காவது அனுப்பியிருப்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, டிவிக்கு முன்னால் இருந்த அந்தப் பிளாஸ்டிக் கதிரையைவிட்டு உங்களை எழுப்ப ஆள் இல்லை. காலையில் நான் வேலைக்குப் போகும்போது எப்படி இருந்தீங்களோ, மாலையில் வரும்போதும் அப்படியே இருப்பீங்க. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகவும் திரீவீல். முடிவெட்டப் போகவும் திரீவீல். பிரஷர் வந்தது. பிறகு சீனி வந்தது. கிளினிக்கில் டாக்டர், மருந்து பாதி, நடை பாதி என்றார். வெளியே வந்ததும் நீங்க என்னிடம், "நான் நடந்த தூரத்துல பாதியக்கூட அவரு கார்ல போயிருக்க மாட்டாரு" என்றீங்க. அதையும் நான் என் கந்தோரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

முன்பு நடந்ததெல்லாம் உடம்பில் சேர்ந்து கிடக்கும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தீங்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மரக்கட்டைக் கால் எத்தனை சீக்கிரம் கரைந்தது என்று, உங்களைக் குளிப்பாட்டத் தொடங்கிய பிறகுதான் கண்டேன்.

உங்களுக்குப் பாரிசவாதம் வந்த காலையை நான் எழுதப்போவதில்லை. தேத்தண்ணிக் கோப்பை வலது கையிலிருந்து வழுவியது. அது போதும்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் கட்டில் பக்கத்தில் நான் எதையும் பேசவில்லை. இப்போது சொன்னால் என்ன?

நான் வேலை செய்த காப்புறுதிக் கம்பெனியில் முதலில் லீவு எடுத்தேன். பிறகு சம்பளமில்லாத லீவு. பகலில் உங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்தேன். அவருக்குக் கொடுத்தது போக என் கையில் பஸ் காசுதான் மிஞ்சியது. பிசியோ சொல்லித் தருகிறவர் வீட்டுக்கு வரக் கேட்ட காசு இன்னொரு பக்கம். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வர, படுக்கைக்கு விரிக்க, ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மருந்தை வெளியில் வாங்க, எதுவும் இலவசமில்லை. கடைசியில் வேலையை விட்டேன். சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதியை எடுத்தேன். அம்மாவின் வளையல்களும் போயின.

நான் விட்ட வேலையில், எனக்கு வரவேண்டிய மேனேஜர் பதவி யாழினிக்குப் போனது.

யாழினி, சிவபாலன் மாமாவின் மகள். அவளும் நானும் ஒரே ஸ்கூல், ஒரே கம்பெனி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை. இதை அகங்காரமாகச் சொல்லவில்லை, அவளே சொல்வாள். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவளுடைய அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிடத் தேவையிருக்கவில்லை.

கட்டில் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் ரோடு தெரியும். மாலையில் மாமா கீழே பஸ் நிறுத்தத்துக்கு இறங்கிப்போய், அவள் இறங்கியதும் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வருவார். நாற்பத்தைந்து வயசு மேனேஜரின் பையை! அவள் போனில் பேசிக்கொண்டே பின்னால் வருவாள். அந்த நேரத்தில் நான் உங்களை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருப்பேன். படுக்கைப்புண் வரக்கூடாதே. ஜன்னல் துணியை எத்தனையோ நாள் இழுத்து மூடினேன். வெயில் என்று உங்களிடம் சொன்னேன். மேட்டின் இந்தப் பக்கத்தில் மாலையில் ஏது வெயில்?

உங்க சாவு வீட்டன்றும் பொறாமைப்பட்டேன், அப்பா. பெட்டி போன வாகனத்துக்குப் பின்னால் மயானம் வரைக்கும் நடந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பொடியன்களெல்லாம் வேனில் ஏறினார்கள். மாமா நடந்தார். கடைசி மேட்டிலும் குடையை ஊன்றாமல் நடந்தார். எல்லோரும் என்னைப் பார்த்து அழுதார்கள். நான் அவருடைய காலைப் பார்த்து அழுதேன். அந்தக் கால் உங்களுடையது, யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று பைத்தியம்போல் நினைத்தேன்.

இனி நடந்ததெல்லாம் உங்களுக்குப் புதுசு.

நீங்க போய்ச் சில மாசத்தில் எனக்குக் களைப்பு. மாடிப்படி ஏறினால் கண் இருண்டது. ரத்தம் சோதித்தால் சீனி. டாக்டரம்மா, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். அப்பாவைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். "அதுக்கு முன்ன?" கந்தோரில் மேசை வேலை என்றேன். "அப்ப உக்காந்தே இருந்திருக்கீங்க" என்றார். உங்களுக்காக அத்தனை ஓடியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஓட்டமெல்லாம் குசினிக்கும் கட்டிலுக்கும் நடுவில். மற்ற நேரமெல்லாம் உங்க தலைமாட்டில், உங்களுடைய அதே பிளாஸ்டிக் கதிரையில்.

அந்த ரிப்போர்ட் வந்த கிழமையில் யாழினி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கலா, பிராஞ்சில ஒரு இடம் வருது. நீ திரும்பி வாறியா? நான் மேலிடத்தில கதைச்சிட்டன்."

"யாருக்குக் கீழே?"

அவள் வாழைப்பழச் சீப்பை மறு கைக்கு மாற்றினாள்.

"உனக்குக் கீழதானே?" என்றேன். "உங்கப்பா உயிரோட இருக்காரு. என் இடமும் உங்கிட்ட இருக்கு. இனி என்னையும் உன் மேசைக்கு முன்னால கொண்டுவந்து நிறுத்தணுமா?"

அவள் முகம் சுருங்கியது. வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. பழம் கறுத்துப்போகும் வரைக்கும் அதைத் தொடவில்லை.

அடுத்த நாளிலிருந்து மாமா நம்ம கேட்டுப் பக்கம் வரவில்லை. மேல் ரோட்டால் சுற்றிப் போனார். போகட்டும் என்று இருந்தேன். ஆனால் முற்றம் கூட்டும்போது காது அந்தப் பக்கமே இருந்தது. இவர் எங்கேதான் போகிறார்? எல்லோரையும்போல வாவியைச் சுற்றி வருகிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மேல் ரோட்டால் போனால் வாவி வராதே.

ஒருநாள் காலையில் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீங்க. பொறாமை பிடித்த மனசு எங்கே இழுக்குமோ அங்கே காலும் போகும்.

அப்பா, என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை. எண்பதைத் தொடப்போகிற மனுஷர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ யோசனையில் போகிறார். நான் வாயைத் திறந்து மூச்சுவிடுகிறேன். அஸ்கிரிய மேட்டில் ரோடு வளைகிற ரெண்டாவது முடக்கில் எனக்கு நெஞ்சு அடித்த அடியில் ஒரு மதகில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு வீட்டு கேட்டில் நிற்பது தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு வயசான சிங்கள அம்மா வந்து பேசினார். திரும்பியவர் என்னைக் கண்டார். இறங்கி வந்தார்.

"பிள்ளை! என்ன, சுகமில்லையோ?"

"ஒண்ணுமில்ல மாமா. சும்மா வந்தேன்."

அவர் மதகின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியது.

"இது அப்பாவோட ரோடு" என்றேன். எனக்கே அழுகை வரும்போலிருந்தது. "நீங்க ஏன் இங்க நடக்குறீங்க?"

"ஓம், அவன்ர ரோடுதான்" என்றார். "உனக்கு ஒண்டு சொல்லுறன், சிரிக்கக்கூடாது. எனக்கு உன்ர அப்பாவில எரிச்சல்."

"எரிச்சலா?"

"பின்ன? நான் கம்பிக்குள்ள இருந்து முத்திரை விக்கிறன். வாறவன் எல்லாம் என்னோட சண்டை. மிச்சக் காசு பிழை, வரிசை நீளம், சாப்பாட்டு நேரம் ஏன் பூட்டினனீ எண்டு. பின்னேரம் உன்ர அப்பா வருவான். பைக்குள்ள கொய்யாப்பழம், கொண்டைக்கடலை, சிங்கள வருஷப்பிறப்பெண்டால் கொக்கிசும் கெவுமும் எண்டு பலகாரம். ஒரு வீட்டில பிள்ளை பிறந்த கதை, இன்னொரு வீட்டில கலியாணக் கதை. என்ர பேர் கூட ஒருத்தருக்கும் தெரியாது. இவனை ஊரே தெரியும். முப்பது வருஷம் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சனான். பென்ஷன் எடுத்த உடன, அப்பிடி என்னதான் இந்த ரோட்டில இருக்கு, பார்ப்பம் எண்டு வந்தன்."

அவர் கீழே டவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாவியின் மேல் இன்னும் பனிப்புகார் இருந்தது.

"முதல் நாள் இந்த மதகு மட்டும்தான் வந்தனான். நெஞ்சு வெடிக்குமெண்டு நினைச்சன். அவன் பையும் தூக்கிக்கொண்டெல்லோ ஏறினவன், நான் வெறுங்கையோட ஏறேலாதோ எண்டு அடுத்த நாளும் வந்தன். அவனையும் கூப்பிட்டுப் பார்த்தன் பிள்ளை. உன்ர ரோட்டை நீயே காட்டு எண்டு. வரமாட்டன் எண்டான். வந்திருந்தானெண்டால்..."

இந்த மனுஷருக்கு நீங்க என்றால் பொறாமை. அந்தப் பொறாமையே அவரைத் தூக்கி நடக்கவைத்திருக்கிறது. உங்களுக்கு யார்மீதும் பொறாமையே இருந்ததில்லை. திருப்தியாகக் கதிரையில் உட்கார்ந்தீங்க. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வயசான அம்மா கேட்டைத் திறந்துகொண்டு எங்களிடம் வந்தார். கையில் ரெண்டு கோப்பை பிளேன்டீ. என் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார். "தபால் மாத்தயாவின் மகளா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். "மூக்கு அப்படியே இருக்கு" என்றார். பிறகு சொன்னார், நீங்க வருகிற நேரத்துக்கு அவருடைய புருஷன் கேட்டில் வந்து நிற்பாராம், வெளிநாட்டிலிருந்த மகனின் கடிதத்துக்காக. கடிதம் இல்லாத நாளில் நீங்க தூரத்திலேயே கையை விரித்துக் காட்டமாட்டீங்களாம். கேட் வரைக்கும் ஏறி வந்து, "நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவீங்களாம். கொண்டுபோக ஒன்றுமில்லாத நாளிலும் அந்த மேட்டில் ஏறியிருக்கீங்க. எனக்கு இதை நீங்க சொன்னதே இல்லை.

சீனியில்லாத அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். அழுதேன். அப்போதும் எனக்குள் பொறாமைதான், அப்பா. உங்களை இந்த அம்மாவுக்கு நடந்தவராகத் தெரியும். மாமாவுக்குப் பையோடு தெரியும். எனக்குக் கட்டிலில் கிடந்தவராகத்தான் அதிகம் தெரியும்.

இறங்கி வரும்போது மாமாவிடம் கேட்டேன், "யாழினி கோபமா இருக்காளா?"

"கோவமில்லை. அழுதவள். அவள் உன்ர இடத்தைக் கேட்டு வாங்கேல்லைப் பிள்ளை. குடுத்தாங்கள்."

"அது தெரியும் மாமா. அதுதான் எரியுது."

அவர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் யாழினியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "மேசை வேலை வேணாம். வீடு வீடாப் போய் ஆட்களைச் சந்திக்கிற வேலை இருந்தா குடு" என்றேன். "அதுக்குச் சம்பளம் குறைவு, கமிஷனை நம்பித்தான் இருக்கோணும்" என்றாள். "வெயில், மழை, நாய். உனக்கு ஏலுமா?" "எங்கப்பாவுக்கு ஏலுச்சு" என்றேன். அவள் உள்ளே போய் ரெண்டு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம்.

இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, சில நாள் அலவத்துகொட வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து நடை. வருமானம் பழைய சம்பளத்துக்குக் கிட்டவும் வராது. போன வருஷங்கள் போனதுதான். அடகு வைத்த வளையலும் திரும்பப்போவதில்லை. சீனி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா மருந்தைக் குறைக்கவில்லை, ஆனால் கூட்டவும் இல்லை. மாசாமாசம் யாழினியின் மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்து வாங்கும்போது இன்னும் எரிகிறது. பொய் சொல்லமாட்டேன்.

அநேகமான காலைகளில் மாமாவோடு அஸ்கிரிய மேடு ஏறுகிறேன்; இன்றைக்குத்தான் இதை எழுத வீட்டில் நின்றுவிட்டேன். அவரும் என்றைக்கும் இப்படியே இருக்கப்போவதில்லை என்று தெரிகிறது. இடது முழங்காலை அடிக்கடி தடவுகிறார். இருந்தாலும் இன்றுவரை முன்னால் போகிறவர் அவர்தான். மேல் முடக்கில் நின்று, திரும்பி, நான் வரும் வரைக்கும் காத்துக்கொண்டிருப்பார். "மெல்ல வா பிள்ளை" என்பார். பொறாமை அங்கேயும் விடுவதில்லை. யாழினிக்கு இந்தக் குரல் ஒவ்வொரு நாளும் வீட்டிலேயே கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ஏறுவேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. அந்த மனுஷரை ஒருநாள் நான் முந்துவேன். முந்திப்போய், அந்த மேல் முடக்கில் நின்று திரும்பிப் பார்ப்பேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு ஏறி வரும் வரைக்கும் அங்கேயே காத்திருப்பேன். யாழினியின் அப்பாதான், உங்க கூட்டாளிதான், எனக்கு உறவு ஒன்றுமில்லைதான். இருந்தாலும் காத்திருப்பேன்.

இன்னும் எரிச்சல் அடங்காத
உங்க ஒரே மகள்,
கலா